நிறுத்த மணி

418 என்று எண் போட்ட அந்த பஸ்ஸை
என் பட்டறைக்குத் தள்ளிவிட்டபோது
அதற்குப் பதினேழு வயது.
வின்னிபெக் சாலைகளில் கொட்டும் உப்பு
அடிவயிற்றைத் தின்று முடித்திருந்தது.
ஏலத்தில் போனால் பழைய இரும்பு விலை.
தீயணைப்புத் துறை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டது.
ரசீது என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

டிக்கெட் பெட்டியைக் கழற்றினேன்,
தரையில் நான்கு ஓட்டைகள் மிஞ்சின.
ரப்பர் வைத்துக் கீழிருந்து அடைத்தேன்.
வலப்பக்க இருக்கைகளில் பாதியைப் பிடுங்கி
ஆக்ஸிஜன் சிலிண்டர்களுக்குச் சட்டம் அடித்தேன்.
டீசலில் ஓடும் ஹீட்டர் இரண்டு,
ஈரக் கையுறை காயப்போட ஒரு கொடி.
வெளியே சிவப்பு, இரண்டு கோட்டிங்.
விட்டுப்போனது ஒன்றுதான்:
ஜன்னல்களுக்கு மேலே ஓடும் மஞ்சள் கயிறு,
அதை இழுத்தால் அடிக்கும் மணி.
வயரை வெட்டிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

சிவப்படித்தாலும் பஸ் பஸ்தானே.
விளக்கு சுழல அது பறக்கும் இரவுகளில்
நிறுத்தங்களில் நிற்பவர்கள் கை காட்டுகிறார்கள்.
நிற்காமல் போவதற்கு இத்தனை வசவு
வேறெந்த வேலையிலும் வாங்கியதில்லை என்பான்
டிரைவர் ஓரெஸ்ட்.

ஜனவரி. மைனஸ் முப்பத்து நான்கு.
லாங்சைட் தெருவில் நாலு மாடிக் கட்டடம்.
பீய்ச்சிய தண்ணீர் சுவரிலேயே உறைந்து
எரிகிற வீட்டுக்குப் பனியில் தாடி முளைத்ததாம்.
நான் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன்.
எல்லாம் மறுநாள் கேட்டவை.

நாற்பத்தொரு பேர் ஏறினார்கள்.
போர்வை சுற்றிய ஒருத்தி, காலில் ஜோடி சேராத செருப்பு.
தொட்டியிலிருந்த மீன்களில் ஒன்றை மட்டும்
காபிக் குவளையில் கொண்டுவந்த பையன்.
படியேறும்போதே சில்லறைக்குத் துழாவினார் ஒருவர்,
அவருடைய பைஜாமாவில் பையே இல்லை.
இடம் இருந்தும் சிலர் உட்காரவில்லை,
கம்பியைப் பிடித்து நின்றார்கள்
அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போவதுபோல.
பஸ் நகரவேயில்லை.
ஐந்து மணி நேரம் எஞ்சின் மட்டும் ஓடியது.
மூச்சு படிந்த கண்ணாடிகளுக்கு அப்பால்
எல்லாம் ஆரஞ்சு நிறக் கறை.

நாலு நாற்பதுக்கு,
ரொட்டித் தொழிற்சாலை பெனிக்னோ மகரயெக்,
உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தவர்,
கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தி
கயிற்றை இழுத்தார்.
தினமும் அவர் இறங்குகிற நேரம்.
டிங்.

நாற்பது முகங்கள் நிமிர்ந்தன.
அதற்குள் அவர் கதவருகே போய்விட்டார்.
கதவுக் கண்ணாடியில்
அவருடைய மூன்றாம் மாடி.
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்புதானா என்று எனக்குத் தெரியாது,
ஓரெஸ்ட் அப்படித்தான் சொன்னான்.
அவன் என்ன செய்வான், கை பழகிவிட்டது:
கதவைத் திறந்தான்.
குளிர் உள்ளே பாய்ந்தது, நாலு பேர் திட்டினார்கள், மூடினான்.
பெனிக்னோ திரும்பி நடந்து
அதே இருக்கையில் உட்கார்ந்தார்.

அப்புறம் மீன் பையன் இழுத்தான்.
செருப்புக்காரி இழுத்தாள், இரண்டு தடவை.
கோட்டு பலகையாய் உறைந்துபோய்
முழங்கை மடங்காத ஒரு தீயணைப்புக்காரன்
முகமூடியோடு பின்னிருக்கையிலிருந்து எழுந்து
ஹெல்மெட்டால் முட்டி அடித்தானாம்.

கேப்டன் தோர்டிஸின் புகார்ப் படிவம்
வியாழக்கிழமை வந்தது.
நிறுத்த மணி இன்னும் இயங்குகிறது.
ஓய்வெடுக்கும் பணியாளர்களுக்கு இடையூறு.
உடனே துண்டிக்கவும்.
நியாயம்தான். கையெழுத்தும் மணிமணியாக.

கட்டிங் பிளேயரோடு ஏறினேன்.
புகை வாடை, ஈரக் கம்பளி வாடை.
டிக்கெட் பெட்டி இருந்த இடத்தில்
ஓர் ஓட்டைக்குள் நெட்டுக்குத்தாக
பத்து சென்ட் காசு ஒன்று.
நகத்தால் நெம்பினேன், வரவில்லை.

மேல்மூடியைக் கழற்றினேன்.
அன்று நான் வெட்டியது வேறு வயர்,
பின்கதவு பீப்புக்குப் போவது.
இது தூசி போர்த்தி முழுசாக இருந்தது.
ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்,
சோதிக்க வேண்டுமல்லவா.
மூடியைத் திரும்ப மாட்டி
நான்கு திருகாணியும் இறுக்கினேன்.

செய்த பணி என்ற கட்டத்தில் எழுதினேன்:
பரிசோதிக்கப்பட்டது.
பழுது எதுவும் இல்லை.