நீலம் வராத மாதங்கள்

இந்த வீட்டுக்கு நான் கணக்கு எழுத வந்தேன்.
மருமகளானது அப்புறம்.
வாசலில் அஞ்சல்பெட்டி. கொல்லையில்
நாலாயிரத்துச் சொச்சம் பேர்.

ஒஹாயோவில் பனி கடைசியாக உருகும் சரிவு இது,
போஹுமில் ஹவ்ரானெக்குக்கு மலிவாகக் கிடைத்தது.
சோளமே வராத மண்ணில் எதை விதைப்பாய்
என்றாராம் விற்றவர்.
பதில் சொல்லவில்லை. முதல் குழியைத்
தன் தம்பிக்கே வெட்டியிருக்கிறார்.

மண்டபம் எழுந்தது இருபத்தேழில்.
சலவைக்கல் ரயிலில் வந்தது, கல்லோடு கோராதோவும்.
தூணுக்குத் தூண் திராட்சைக் குலை செதுக்கச் சொன்னால்
ஒவ்வொன்றிலும் சில பழங்களைக் குறைத்துக்கொண்டே போனான்.
குருவி தின்றுவிட்டது என்றான்.
எட்டாம் தூணில் வெறும் காம்பு.
கூலியைக் குறைக்கவில்லை போஹுமில்.

கிழக்குச் சன்னல் டெலியா மெக்நல்டி செய்தது.
தேவதைகள் வேண்டாம், ஏரி போதும் என்றாளாம்.
ஏரி; ஓரத்தில் ஒற்றைக்கால் நாரை.
ஒன்பதே காலுக்கு வெயில் அதில் புகுந்து
எதிர்ச்சுவரில், நாற்பத்தொன்றாம் மாடத்தின் மேல்,
கைக்குட்டையளவு நீலம் விரிக்கும்.

அந்த மாடத்துக்கு நாற்பது டாலர் அதிகம்.
கணவனுக்கென்று வாங்கினாள் ருசேனா பிலாட்.
டிசம்பரில் வந்து நின்றாள்.
ஒன்பதே கால். ஒன்பதரை. பத்து.
மேசையில் ரசீதை வைத்தாள்.

பேரேட்டில் அவர் கையெழுத்து இன்னும் இருக்கிறது:
'நீலம் வராத நாலு மாதங்களுக்குத் திருப்பியது
பதின்மூன்று டாலர் முப்பத்துமூன்று சென்ட்.'
கீழே, அதே மையில்,
கல் பாக்கி, கண்ணாடி பாக்கி, வங்கி மூடியது.
முப்பத்தொன்றில்
தனக்கென்று வைத்திருந்த மாடத்தையும் விற்றார்.

மண்டபம் கட்டியவர் மண்டபத்தில் இல்லை.
சன்னலுக்கு வெளியே, புல்லில்,
தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.
தலைமாட்டில் தானாக முளைத்த மேப்பிளைப்
பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை.
அது வளர்ந்தது.

போன ஜூலையில் பிலாட் வீட்டின் கடைசிப் பெண்,
எண்பத்தொன்பது வயது, ஊன்றுகோலோடு வந்தாள்.
"இப்போதெல்லாம் கோடையிலும் வருவதில்லையே."
வட்டி போட்டுப் பார்த்தேன்.
மரத்தை வெட்டுவது மலிவு.

ஓதகார் ரம்பத்தோடு ஏணியில் ஏறினான்.
கீழே கிடப்பவரிடம் செக் மொழியில்
ஏதோ முணுமுணுத்துக்கொண்டான்.
ஒரு கிளை. அதற்குமேல் கை ஓடவில்லை அவனுக்கு.

மறுநாள் ஒன்பதே காலுக்கு மூவரும் நின்றோம்.
நீலம் வந்தது.
ஆனால் இரண்டு மாடம் தள்ளி, நாற்பத்துமூன்றில்,
ரயில்வேயில் கொடி காட்டிய
லெஸ்டர் குன்கலின் பெயர்மேல்.

"இவர் கூடுதலாகக் கட்டினாரா?"
"இல்லை. தவணையில் வாங்கினார்.
கடைசித் தவணை இன்னும் பாக்கி."

அவள் சிரித்தது எட்டுத் தூணுக்கும் கேட்டிருக்கும்.
பணம் கேட்காமல் போய்விட்டாள்.

பேரேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வரவா, செலவா?
தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.