தறிக்குழிக் கணக்கு

கடிப்பது பெண் கொசுதான் என்றதும்
கூட்டத்தில் சிரிப்பு.
டைரக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
ஆண் கொசு சாறு குடித்துச் சும்மா திரியும்
என்று அடுத்த வரியை வாசித்தேன்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஐம்பத்தெட்டு, ஐப்பசி.
இராச் சேகரிப்புக்கு ஆண்கள் மட்டும் என்று
தட்டச்சடித்த உத்தரவு ஒன்று
என் மைக்ராஸ்கோப்பின் மேல் கிடந்தது.
அவர்கள் பிடித்து வந்ததை மறுநாள் பகலில்
நான் எண்ணலாம், இறகு பார்க்கலாம், பெயர் எழுதலாம்.
பிடிக்கக் கூடாது.

செல்லூருக்கு ராத்திரிக்குப் பதினெட்டுக் கொசு
என்றன அவர்களின் குழாய்கள்.
அதே செல்லூரில் தெருவுக்கு நாலு யானைக்கால்.
பதினெட்டு எனக்குப் போதவில்லை.

ஒச்சப்பன் அரிக்கேன் விளக்கோடு வந்தான்.
"உங்க சீட்டோட என் சீட்டும் சேந்து கிழியும்மா"
என்று சொல்லிக்கொண்டேதான் வந்தான்.
கல்பாலத்தில் ஒரு போலீஸ்காரர்
முகத்தில் டார்ச் அடித்து, எந்த வீட்டுப் பொண்ணு என்றார்.
சுகாதார இலாகா என்றேன்.
இலாகாவுக்கு வீடு வாசல் கிடையாதா என்றார்.

ஒரு தறிக்கார வீட்டின் வாசலில்
சேலையை முழங்கால்வரை சுருட்டி உட்கார்ந்தேன்.
வந்து அமர்வதை, ஊசி இறங்கும் முன்
கண்ணாடிக் குழாயால் மூட வேண்டும்.
தெரு பார்த்துக்கொண்டிருந்தது.
எதை, என்று எனக்குத் தெரியும்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது மணிக்கு ஆறு. பத்துக்கு ஏழு.

பத்தரைக்குக் கதவு திறந்தது. நாகுபாய்.
"வெளியே என்னத்தைத் தேடுறே?
எல்லாம் உள்ளேல்ல கிடக்கு.
உங்க ஆம்பளைங்களை உள்ளே விட முடியுமா,
பொம்பளைங்க படுக்குற இடம்."

தறிக்குழி.
ஈர மண், கஞ்சிப் புளிப்பு,
மிதிகட்டைக்குக் கீழே ஒரு கறுப்பு.
அவர் பாதி நாள், இவள் மீதி நாள்
காலைத் தொங்கவிட்டு நெய்கிற பள்ளம்.
விளக்கை இறக்கினோம்.
சுவர் அசைந்தது.
சுவர் அல்ல.

விடிவதற்குள் முந்நூற்று நாற்பத்தொன்று.
குழாய் தீர்ந்து
ஊறுகாய் பாட்டில் கடன் வாங்கினோம்.
நாகுபாய் இடதுகாலை விளக்கருகே நீட்டினாள்,
விரல்கள், பிசைந்த மாவில் பதித்த கொட்டைகள்.
"இதையும் எழுதிக்கோ."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

யார் அனுமதியில் என்பது ஒன்றுதான்
டைரக்டர் கேட்டது.
மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்.
நான் இல்லாதபோது அந்தத் தாளை அவர்
இரண்டு முறை எடுத்துப் பார்த்தாராம்,
ஒச்சப்பன் சொன்னான்.

டில்லிக்கு நானே தபாலில் சேர்த்தேன்,
எ. ஞானமுத்து என்று கையெழுத்திட்டு.
மாசியில் பதில்:
அன்புள்ள ஞானமுத்து ஐயா,
தங்கள் கள உழைப்பு போற்றத்தக்கது.

ஞானமுத்து என் அப்பா.
பசுமலையில் அடக்கம் செய்து ஆறு வருஷம்.
எஸ்தருக்கு எதற்குப் பூச்சிப் படிப்பு என்று
கடைசிவரை கேட்டவர்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போய்
கல்லறைப் பக்கம் நின்று வாசித்தேன்.
பாராட்டு உங்களுக்காம் என்றேன்.
பிறகு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.
பின்பக்கம் காலியாக இருந்தது.
அன்றிரவு ஆரப்பாளையம்,
எண்ணிக்கை போடத் தாள் வேண்டும்.