நியூட்ரல்

ரம்பொடையில் நாலாவது வளைவு.
பெடலை அமுக்கினால் எஞ்சின் கத்துகிறது,
கார் நகர யோசிக்கிறது.
பிறகுதான் அந்த வாசம்.

எனக்குத் தெரிந்த வாசம்.
பதினொரு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் அடுப்புப் பக்கம்;
தூள் தீய்வதை
மூக்கு சொன்ன பிறகுதான் முள் சொல்லும்.

பின்சீட்டில் மூன்று பேர்,
டிக்கியில் அரைமூட்டைத் தேங்காய்,
கண்டியில் வாங்கிய தையல் மெஷின்.
"எஞ்சின நிப்பாட்டுங்க, தண்ணி ஊத்துவம்"
என்கிறான் மச்சான் குகநேசன்.

நிப்பாட்டவில்லை.
சூடு மிஞ்சினால் நெருப்பைத்தான் இறக்கணும்,
காற்றை நிறுத்தக் கூடாது.
நியூட்ரல். ஹேண்ட் பிரேக். சில்லுக்குக் கல்.
ஏசியை அணைத்தேன்.
எண்ணெய் ஓடட்டும்,
ஓடி ஓடி ஆறட்டும்.

கம்பியை உருவித் துடைத்தேன்.
சிவப்பாய் இருக்க வேண்டியது
நேற்றைய சாயத்தண்ணி நிறத்தில்.
விற்றவன் சொன்னான்:
"கியர் ஒயில் மாத்தவே தேவையில்லண்ணே."
மலிவாய்க் கிடைத்தால்
எதையும் நம்பலாம்.

ஒவ்வொரு வளைவுக்கும் குறுக்கால் ஏறி
எங்களுக்கு முன்னால் பூங்கொத்தோடு நின்ற பையன்
மைல்கல்லில் உட்கார்ந்திருக்கிறான்,
விலா ஏறி இறங்க.
நாங்கள் பூ வாங்கவில்லை.
இந்த முறை அவனும் கேட்கவில்லை.

இருபத்தைந்து நிமிஷம்.
யோகமலரும் மற்றவர்களும் முன்னே நடக்கிறார்கள்,
தேங்காய்க்கு மட்டும் சவாரி.
'டி'யைத் தொடாமல் 'எல்'லில் போட்டு
அவர்கள் நடைக்கே ஏறுகிறேன்,
மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டி.

கண்ணாடியில் பார்த்தேன்,
பையன் இன்னும் எழும்பவில்லை.