ஒன்றரை விரல்தொப்பி

முதல் குண்டு அட்டையில் இல்லவே இல்லை.
இரண்டாவது, அட்டையைச் சுமந்த அயனிக் குற்றியின்
இடது ஓரத்தில்.
மூன்றாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரப்பர்பால் வாளியை இறக்கிவைத்து
நேசையன் சொன்னார்:
"மருந்து போராது. இன்னும் கொட்டி இடி."
கொட்டினேன். இடித்தேன்.
தோள் கன்றிப்போனது.
அட்டை அப்படியே வெள்ளையாக நின்றது.

களியல் முக்கில் பதினெட்டு வருஷமாக
ஜாக்கெட் தைக்கிறவள் நான்.
கம்புக்கூட்டில் கால் இஞ்சு பிடித்தால்
கல்யாணமே நின்றுபோனதுபோல் ஓடிவருவார்கள்.
அளவு பிழைத்தால் துணியைத் திட்டக்கூடாது,
அது எனக்குத் தெரியும்.
லைசென்ஸிலும் என் பெயர்தான்:
லலிதாபாய், பயிர்ப் பாதுகாப்பு,
நாற்பது சென்ட் மரச்சீனி.
போன தை மாதம் அதில் எனக்குக் கிடைத்தது அரை மூட்டை.
மீதிக்குக் கணக்குச் சொல்ல
பன்னிகள் வரவில்லை.

ஆராதனை முடிந்த ஞாயிறுகளில் அறுபது எட்டு எண்ணி நின்றேன்.
அளவு நோட்டில்
கமலபாய், மார்பு முப்பத்தாறு, அதற்குக் கீழே
எழுதினேன்: மருந்து, விரல்தொப்பி இரண்டு.
குண்டைச் சுற்ற பாப்ளின்.
சிதறல் ஒரு முழம்.

புகை கலையுமுன் குனிந்து
வெந்த துணித்துண்டுகளைப் பொறுக்குவேன்.
நேசையனுக்கு அது பைத்தியம்.
எனக்கு அது கடிதம்.
பாப்ளின் நடுவில் கருகி ஓட்டை.
சேலை ஃபால் நூல்நூலாய்ப் பிரிந்து கிடந்தது.
காடா தீக்கு அசையவில்லை, ஆனால்
குழலுக்குள் இறங்க மாட்டேன் என்று முரண்டு,
நிறைகோலோடு மல்லுக்கட்டி
உள்ளங்கை தோலுரிந்தது.

பிறகு ஒருநாள்
தலையணை உறைக்கு வெட்டி மிஞ்சிய கோடுபோட்ட துணி,
தேங்காயெண்ணெய் தொட்டு.
எடுத்துப் பார்த்தேன்:
வட்டம் வட்டமாகவே இருந்தது.
குழலின் ஏழு வரியும் அதில்
இஸ்திரி மடிப்புபோல் பதிந்திருந்தன.

அதற்கப்புறம் குறைத்தேன்.
இரண்டு, ஒன்றேமுக்கால்,
ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணியால் குழலைத் துடைத்து,
ஒன்றரை.
ஒன்றரையில் துப்பாக்கி கத்துவதை நிறுத்திப்
பேசத் தொடங்கியது.
ஐந்து குண்டு. டேப்பை வைத்தேன். மூன்று இஞ்சு.
நடுவில் இரண்டு ஓட்டை
ஹூக்கும் கண்ணும்போல் கோத்துக்கொண்டு.
"சவம், நேராத்தான் போவுது" என்றார் நேசையன்,
அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏட்டையா வந்தார்.
மனைவியின் ஜாக்கெட் வாங்கத்தான் என்று நினைத்தேன்.
அதையும் வாங்கினார்.
பிறகு, தேர்தல் அறிவிச்சாச்சு,
தோக்கை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்.
கடையாலுமூட்டில் ரசீது தந்தார்கள்,
என் பெயரில் ஓர் எழுத்து குறைவாக.

அஞ்சாம் நாள் ராத்திரி
டார்ச் வெளிச்சத்தில் ஒன்று நின்றது.
அறுபது எட்டு. சரியாக அறுபது.
அந்த அயனிக் குற்றியிலேயே
முதுகைத் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடி.
கையில் தகரத்தட்டும் கரண்டியும்.
கண் தன் பாட்டுக்கு அளவெடுத்துவிட்டது:
நெஞ்சு நாற்பத்திரண்டு, கழுத்து என்று ஒன்று இல்லை.
தட்டினேன்.
அது ஒருமுறை பார்த்தது,
தேய்க்க வேண்டிய மிச்ச இடத்தையும் தேய்த்தது,
பிறகு ஒரு மூட்டைப் பிடுங்கிக்கொண்டு
ஓடைப்பக்கம் நடந்துபோனது.

கமலபாய் தன் அளவைத் தேடி நோட்டைப் புரட்டுகிறாள்.
ஒன்றரை. தலையணைத் துணி. எண்ணெய். துடைத்த பின்.
"இது யாருக்க அளவு?"

எல்லாம் ரெடியா இருக்கு,
வோட்டு எண்ணி முடிஞ்சா
வந்து வாங்கிக்கிடுவாங்க என்றேன்,
ஊசியில் நூல் கோத்தபடி.