நூறு கேவிஏ

முயெங்கா குன்றில் மேலே போகப் போக
நாய்கள் பெரிதாகும்.
கேட்டில் பையைத் திறந்து ஸ்பானர்களைக் காட்டிவிட்டுப்
பின்பக்கமாக நடப்பேன்.
பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் குன்றின்
வரவேற்பறை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.
ஜெனரேட்டர் ஷெட்டுகளோ, எல்லாம் அத்துப்படி.

சர்க்கரை இறக்குமதி ரைதத்தா வீட்டில்
எஞ்சினுக்கு மாலை போட்டுக்
குங்குமம் வைத்திருப்பார்கள்.
அதைக் கலைக்காமல் ஃபில்டரைக் கழற்றுவது
தனி வித்தை.
பஸ் கம்பெனி டும்வெபாசே
டீசலைக் குச்சி விட்டு அளப்பார்,
தானே, பைஜாமாவில்,
அறுபது பஸ் ஓடுகிற மனுஷன்.
குச்சியின் ஈரம் ஒரு விரல் இறங்கினால்
காவலாளியின் சம்பளமும் இறங்கும்.
என்னிடம் பிரியமாகத்தான் இருப்பார்.
போன கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழைத்தார் தந்தார்,
பாதி அழுகல்.

உச்சியில் மெத்தைக்கார நாகிட்டோ.
கம்பாலாவில் எந்த முக்குத் திரும்பினாலும்
அவள் விளம்பரம்:
ஒரு குழந்தை தூங்கும், கீழே ஃபோன் நம்பர்.
ஓவினோ சந்தையில்
பிய்ந்த ஃபோம் துண்டுகளைச் சாக்கில் கட்டி விற்றவள் என்பார்கள்.
இன்று நமன்வேயில் இரண்டு தொழிற்சாலை,
ஜூபா வரைக்கும் லாரி.
என் கட்டிலிலும் அவள் சரக்குதான்.
ஓரம் கோணலாக வெட்டுப்பட்டதால்
பாதி விலைக்கு வந்தது.
கோணல் பக்கத்தை மனைவி எனக்கு ஒதுக்கியிருக்கிறாள்.

ஜூலையில் ஒரு ராத்திரி, மணி இரண்டு,
ஃபோன் அடித்தது.
'வா. உடனே.'
அடைமழையில் வாடகை பைக் பிடித்து
ஏறிப் போனால்
குன்று முழுக்க விளக்கு.
அவள் வீட்டிலும் விளக்கு.

ஷெட்டில் தலையில் துண்டோடு
செருப்பில்லாமல் நின்றாள்.
'கிளம்ப மாட்டேன் என்கிறது.'
பாட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது, அவ்வளவுதான்.
சுரண்டினேன். முறுக்கினேன்.
'கரண்ட் இருக்கிறதே, மேடம்.'

'தெரியும்.
ஓட்டு.'

ஓட்டினேன்.
நூறு கேவிஏ, சும்மா,
ஒரு பல்புக்கும் போய்ச் சேராமல்.
மணிக்கு ஏழு லிட்டர்.
கணக்குப் போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே
போட்டுவிட்டேன்:
ஃபோம் வெட்டுகிற பையன்கள் மூன்று பேரின் நாள்கூலி
மணிக்கு ஒரு தரம்
புகைக்குழாய் வழியே போகிறது.

அவள் தகரத்தில் முதுகைச் சாய்த்துத்
தரையில் உட்கார்ந்தாள்.
சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால்
அது ரகசியம் போலவே இல்லை.
சந்தையில் அவள் படுத்த இடம்
சோள மில்லின் பின்சுவர்.
ஆறு வருஷம்.
மில் ஓடுகிற வரைக்கும் தூங்கலாம்.
நின்றால் விழித்துக்கொள்ள வேண்டும்.
நின்றால் திருடன் வருவான்,
இல்லை, மில்காரன் வருவான்.

அதற்கு மேல் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
'என்னுடையது பன்னிரண்டு அங்குலம்,
நாங்கள் போடுவதிலேயே கனமானது' என்றாள்,
வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில்.
பிறகு வாய் திறந்தபடி
தூங்கிப் போனாள்.

நிறுத்தினால் எழுந்துவிடுவாள்.
காலி ஜெரிகேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
காவலாளி டார்ச்சோடு வந்தான்,
அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
டார்ச்சை அணைத்துவிட்டுப் போனான்.
விடியும்போது மதில்மேல்
இரண்டு மரபு நாரைகள்,
கடன் வசூலிக்க வந்தவர்கள் மாதிரி.

ஆறு மணிக்குக் கண் திறந்தாள்.
துண்டைச் சரிசெய்தாள்.
முட்டியில் ஒட்டிய கரியைத் தட்டினாள்.
'எவ்வளவு?'
'எண்பதாயிரம் ஷில்லிங்.'
'ஒரு முனையைச் சுரண்டவா?
அறுபது.'

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை
அந்த முனை கழன்றுவிடுகிறது.
தானாகக் கழல்கிற முனை இல்லை அது,
முறுக்கியவன் நான்.
ஒன்றும் கேட்பதில்லை.
எண்பது என்கிறேன்.
அறுபது தருகிறாள்.