சுட்டெண் 3117

கொக்குவிலில் கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்.
போன் வெளிச்சத்தில் முப்பத்தெட்டாவது தாள்.
வினா நான்கு: தென் இத்தாலியில் எத்துருஸ்கரின்
எழுச்சியையும் வீழ்ச்சியையும் விளக்குக.
புள்ளித்திட்டம் தெளிவு:
காரணம் ஒன்றுக்கு மூன்று, திகதிக்கு ஒன்று.

முப்பத்தேழு பேருக்கும் ஒரே நோட்ஸ்.
செழித்த வயல் தேடித் தெற்கே வந்தார்கள்,
கப்புவா என்றொரு நகரம் எழுப்பினார்கள்,
கூமே என்ற கிரேக்க ஊருக்கு முன்னால்
இரண்டு தரம் தோற்றார்கள், தரையில், பிறகு கடலில்.
வீழ்ச்சியடைந்தனர். முற்றுப்புள்ளி.
ஏதோ மாங்காய் விழுந்தமாதிரி.

இந்தப் பிள்ளை ஒரு திகதியும் எழுதவில்லை.
பாசையூரோ குருநகரோ, எனக்கெப்படித் தெரியும்.
எழுதுகிறது:
"தரையில் தோற்றது ஆள் குறைந்து அல்ல, ஆள் கூடி.
ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் மலை.
களங்கண்டிக்குள் போன மீனுக்கு
எண்ணிக்கை உதவாது."

ஐம்பது வருசம் கழித்து, கடலில்:
"சிராகூசாவின் கப்பல்கள் வந்தன.
அன்று வாடையா சோளகமா, புத்தகத்தில் இல்லை.
காற்றை எழுதாதவன்
கடற்சண்டையை எழுதக்கூடாது."

சிவப்புப் பேனையை மூடினேன்.
நுளம்பொன்று காதுக்குள்
சிராகூசா சிராகூசா என்றது.

வென்றவன் ஒரு தலைக்கவசத்தைக் கழற்றி
தன் பெயரை வெட்டிக் கோயிலுக்குக் கொடுத்தானாம்.
உள்ளே இருந்த தலைக்கு
அதில் பெயரில்லை.

பிறகு மலையால் இறங்கி வந்தவர்கள்.
காணி பங்கிட்டுக் கொடுத்த அயலவர்கள்.
திருவிழாச் சாப்பாடு சாப்பிட்டு
ஊர் அயர்ந்த இரவு.
இந்த இடத்தில் எழுத்துச் சாய்கிறது, மை மாறுகிறது.
"நாய்கள் முதலில் குரைத்திருக்கும்,
பிறகு நிறுத்தியிருக்கும்" என்று எழுதி
குறுக்கே வெட்டியிருக்கிறது.
வெட்டினதை வாசிக்கக்கூடாது என்பது விதி.
வாசித்தேன்.

கடைசிப் பந்தி ஒரு ஓட்டைப் பற்றி.
கப்புவாவில் கிண்டியெடுத்த சுட்ட களிமண்:
எந்த மாதம், எந்தத் தெய்வம், என்ன படையல்.
எழுத்துக் கூட்டலாம். பொருள் பாதிதான் வரும்.
"வீழ்ச்சி என்று சொல்ல ஏலாது சேர்.
பஞ்சாங்கம் இருக்கிறது.
நாள் பார்க்கத்தான் ஆளில்லை."

நான் சேர் இல்லை, பிள்ளை. மிஸ்.

காரணம் மூன்று: ஒன்பது. திகதி: பூச்சியம்.
கூட்டினால் பதினொன்று வருகிறது.
மற்ற இரண்டும் எங்கிருந்தென்று
பிரதான பரீட்சகர் கேட்பார்.
யோசித்துக்கொண்டிருக்கவே கரண்ட் வந்தது,
ஃபான் சுழன்று
திருத்தாத தாள்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியது.

குனிந்து பொறுக்கினேன்.
முப்பத்தொன்பதாவது:
"எத்துருஸ்கர் செழித்த வயல் தேடி