காற்று குடிக்கும் குழாய்

வாளி நிரம்ப நாலு நிமிஷம்.
போன தைக்கு முன்னால் ஒன்றேகால்.
காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்,
யாரிடம் காட்டப்போகிறேன் என்று தெரியாமலே.

பரவையிலிருந்து வந்த மொக்கராசு
மோட்டாரின் முதுகில் கைவைத்துச் சூடு பார்த்தார்.
"இருபத்தாறு வருசத்து மோட்டாரு.
புதுசு போட்டுருங்க, பதினோராயிரம் ஆகும்.
பாதிப் பாதி போட்டுக்கங்க."

பாதிப் பாதி.
சுவருக்கு அங்கிட்டு
ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது.

விளாங்குடியில் இந்த வீட்டைப் பிரித்தபோது
தென்னையை எண்ணிப் பிரித்தார்கள்.
கிணற்றை மட்டும் பத்திரத்தில்
பொது என்று எழுதிவிட்டு எழுந்து போனார்கள்.
மோட்டார் என் பக்கம்.
சுவிட்ச் என் ஓரகத்தி பவளத்தக்கா பக்கம்.
மீட்டர் அவள் வீட்டுப் பேரில்.
கரண்டு பில்லில் ஒரு நூற்றெண்பது ரூபாய்
யாருடையது என்பதில்
பதினோரு மாதம் பேச்சில்லை.
தண்ணீர் குறைந்ததும் நான் முதலில் நினைத்தது
வால்வை அவள்தான் திருகிவிட்டாள் என்று.
(என்னைப் பற்றி அவளும் அதையேதான் நினைத்தாளாம்.)

வால்வு முழுசாய்த் திறந்துதான் இருந்தது.
கயிற்றில் கல் கட்டி இறக்கினேன்:
பதினெட்டாம் அடியில் நனைந்தது.
வைகையில் தண்ணீர் விட்ட வாரம்,
கிணற்றைக் குறை சொல்ல முடியாது.
பிரைமிங் மூடியைக் கழற்றி
விளிம்புவரை ஊற்றிவிட்டுச் சோறு வடித்துவிட்டு வந்தேன்.
ஒரு விரல்கூட இறங்கவில்லை.
அடியில் கிடக்கிற ஃபுட்வால்வுக்கு
வாயை மூட இன்னும் தெரிகிறது.
குழாய் நெடுகத் தடவினேன்.
எங்கும் ஈரமில்லை, துரு மட்டும் கையோடு வந்தது.

பிறகு சும்மா ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தேன்.
பால் மாதிரி வந்தது.
வைத்த இடத்திலேயே அடியிலிருந்து மேலாகத் தெளிந்தது.
சுண்ணாம்பென்றால் கீழே தங்கும்.
இது மேலே போகிறது.
காற்று.

வெளியே ஒழுகுகிற ஓட்டை
தானே வந்து சொல்லிவிடும்.
உள்ளே இழுக்கிற ஓட்டை சொட்டாது,
பாசி பிடிக்காது,
காய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும்.
மோட்டார் ஓடும்போதுதான் அதைப் பிடிக்கலாம்.
மோட்டாரைப் போடும் சுவிட்ச்
அங்கிட்டு இருக்கிறது.

கூடல்நகர் ஸ்டேஷனைத் தாண்டிய வண்டியின் சத்தம்
அடங்கும்வரை நின்றேன்.
கை நிறையத் துணிசோப்பு நுரை.
"போடுங்க" என்றேன், சுவரைப் பார்த்து.
ஒன்றுமில்லை.
"அக்கா, மோட்டாரப் போடுங்க."

உறுமியது.
முதல் இணைப்பில் நுரை அப்படியே நின்றது.
அடுத்ததிலும்.
"நிப்பாட்டவா?"
"இருங்க, இருங்க."
"சுவிட்சு சூடாகுதுடி."
டி.

எல்போவின் அடிப்பக்கம்,
மொக்கராசு குனியாத இடம்,
நுரை நடுவில் குழிந்தது.
ஒரு கொப்புளம், இன்னொன்று,
தொப்புள்போலச் சுழித்து
உள்ளே போயிற்று.

"இங்கிட்டு வந்து பாருங்க!" கத்திவிட்டேன்.
வந்தாள். நைட்டிமேல் துண்டு, கையில் தோசைக்கரண்டி.
குனிந்து பார்த்தாள்.
"இன்னுங் கொஞ்சம் வை."
வைத்தேன். அதையும் குடித்தது.
சிரிக்கவில்லை இரண்டு பேரும்.
ஆனால் மூன்றாவது தடவையும் வைத்தோம்,
தேவையே இல்லாமல்.

எல்போ அறுபத்தைந்து, டேப் இருபது.
சணல் என்னிடம் இருந்தது.
பைப் ரெஞ்சு அவள் கொண்டுவந்தாள்,
இரண்டு வருஷமாய் நான் தேடிக்கொண்டிருந்த ரெஞ்சு.

வாளி இப்போது ஒன்றரை நிமிஷம்.
மிச்சக் கால் நிமிஷம்
இம்பெல்லர் தேய்மானமாக இருக்கலாம்,
வோல்டேஜாக இருக்கலாம்.
நூற்றெண்பதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
காலை ஆறரைக்குச் சுவருக்கு அங்கிட்டிருந்து
"போடவா?"
"போடுங்க."
டேங்க் வழியும்போது, "போதும்."
நாளுக்கு மூன்று சொல்.

இன்றைக்குக் கூடுதலாய் ஒன்று கேட்டாள்:
"ரெஞ்சு எங்கடி?"